வட்டமாகத் துடைத்தது நானல்ல

அந்தச் சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் நடந்து, வழக்கமான தொடர்மாடியின் வாசலுக்கு வந்தேன். ஒரு கையில் வாளி. வாளிக்குள் ஆறு துவாய்கள், மண் படாமல் பொலித்தீன் பையில் சுற்றியபடி. மற்றக் கையில் மதியச் சாப்பாடு.

செக்கியூரிட்டி பண்டார என்னைத் தூரத்தில் கண்டாலே கேற்றைத் திறந்து வைப்பவர். அன்று திறக்கவில்லை. தன் கூண்டின் கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கண்ணால் காட்டினார்.

“அக்கே, அத பே,” என்றார் சிங்களத்தில். அக்கா, இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

காகிதத்தில் இப்படி இருந்தது: ‘இங்கு கார் கழுவும் பிலோமினா என்பவரின் கவனயீனத்தால் வாகனத்தின் வர்ணத்துக்குச் சேதம் ஏற்பட்டுள்ளது. மறு அறிவித்தல் வரை அவரை உள்ளே அனுமதிக்கக் கூடாது.’ கீழே முகாமைக் குழுத் தலைவரின் கையெழுத்து.

இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் விஷயத்துக்காக. இரண்டாம் தரம் எழுத்துப்பிழைக்காக. பழக்கதோஷம். கோபத்தில் காது சுட்டது. மழை பெய்தால் மை கரைந்துவிடும் என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்து, கண்ணாடிக்கு உட்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டதும் அதுவும் போனது.

அந்தக் கட்டிடத்தில் பதினொரு கார்கள் என் பொறுப்பில் இருந்தன. என் பிழைப்பு முழுக்க அந்தப் பதினொன்றும்தான். ஆனால் அந்த வாசலில் நின்றபோது பதினொரு காரும் ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணாடியில் என் பெயர் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுக்கடையிலிருந்து பேஸ்மன்டுக்கு

போன வாரம் இந்தப் பத்தியில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நான் பதினாறு வருடம் தட்டச்சு செய்த கதையை எழுதியிருந்தேன். காணி உறுதி, சத்தியக்கடதாசி, அற்றோர்னி தத்துவம் என்று அடித்துத் தள்ளிய ஒருத்தி எப்படி வாளி தூக்கினாள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்ட தொனியில் கொஞ்சம் பரிதாபம் இருக்கிறது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் சட்டத்தரணி சேர் பிள்ளைகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கந்தோரைப் பூட்டினார்கள். மற்றக் கந்தோர்களில் இளம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் மூன்று மொழியிலும் அடித்தார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் கணவர் இறந்து நாலைந்து வருடம். கொட்டாஞ்சேனையில் தங்கச்சி ஜசிந்தா வீட்டின் முன்னறையில் இருந்தேன்.

அது பெற்றோல் இல்லாத காலம். கார்கள் எல்லாம் ஓடாமல் நின்றன. எங்கள் கந்தோருக்குக் காணி உறுதி எழுத வந்து பழக்கமான ஃபரீனா ஒருநாள் போனில் கதைக்கும்போது சொன்னார், “கார் பேஸ்மன்ட்ல நிண்டு நிண்டு தூசு பிடிச்சுப் போச்சு அக்கா. கழுவ ஒரு ஆள் கிடைக்குதில்ல.”

“நான் வாறேன்,” என்றேன்.

“நீங்களா?”

“நான்தான். ஏன், என்ட கைக்கு என்ன?”

அடுத்த நாள் போனேன். பெண்பிள்ளை கார் கழுவுவதைப் பார்க்க இரண்டு மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் நாலு பேர் ஒரு மாதத்துக்குள் தங்கள் காரையும் தந்தார்கள். அப்படித்தான் பதினொன்று சேர்ந்தது.

துவாய் விஷயம்

கார் கழுவுவது பெரிய வித்தை இல்லை. துடைக்கும்போதுதான் கார் கெடும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், பொனட் முழுக்கச் சிலந்திவலை போலக் கீறல் இருக்கும்.

கொழும்பில் கையில் கிடைத்த துணியால் காரைத் துடைப்பவர்கள்தான் அதிகம். பழைய சாரம், பழைய பெனியன், கிழிந்த படுக்கை விரிப்பு. நைந்த பருத்தி மெத்தென்று இருக்கும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. குழந்தையின் முகத்தைத் துடைக்க அது சரி. காரில் ஒரு பொட்டு மண் மிச்சம் இருந்தால் அந்தச் சாரம் அதைப் பிடித்துக்கொண்டு பொனட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகும். தையல் விளிம்பு தன் பங்குக்கு ஒரு கோடு போடும்.

என் முறை வேறு. கழுவி முடித்ததும் ஹோஸ் பைப்பின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து தண்ணீரை மெதுவாக, சத்தமில்லாமல் வழிய விடுவேன். தண்ணீரே தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். துடைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். பிறகு தடித்த மைக்ரோஃபைபர் துவாயை விரித்து மேலே படுக்க வைப்பேன். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. அது தானாகக் குடிக்கும் வரை பொறுத்திருந்து, இரண்டு மூலையையும் பிடித்து நேராக இழுப்பேன். முதலில் கூரை, பிறகு கண்ணாடிகள், பொனட், கதவு, கடைசியாகத்தான் கீழ்ப்பகுதி. சில்லுக்கும் டயருக்கும் வேறு துவாய்.

வட்டமாக மட்டும் துடைக்கவே மாட்டேன். நேராக விழுந்த கீறல் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். வட்டமாக விழுந்த கீறல் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வெயிலில் மின்னும்.

வெள்ளவத்தையில் இன்னொரு தொல்லை உண்டு. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். ஈரத்தைக் காற்றில் காய விட்டால் துளித்துளியாக வெள்ளை வட்டம் விழும். அதனால் சும்மா விடவும் முடியாது, அவசரமாகத் தேய்க்கவும் முடியாது.

வேலை தொடங்கும்போது காப்பையும் மோதிரத்தையும் கழற்றி சேப்டி பின்னில் கோத்து சாப்பாட்டுப் பைக்குள் வைப்பேன். புதுத் துவாய் வாங்கினால் ஓரத்தில் தைத்திருக்கும் லேபலை முதலில் வெட்டுவேன். அது சின்னதுதான், ஆனால் பெயின்டுக்கு அது பிளேட். ஜசிந்தாவின் வீட்டில் என் துவாய்கள் தனிக் கொடியில் காயும். அவளுடைய மகள் ஒருநாள் என் துவாயை எடுத்துத் தலை துவட்டிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை.

சிவப்புக் கார்

நான் பிழையே விடாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃபரீனாவின் சிவப்புக் காரில்தான் என் முதல் பிழை விழுந்தது.

தொடங்கிய புதிதில் துவாய் கை தவறி நிலத்தில் விழுந்தது. எடுத்து உதறினேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. அதனாலேயே பொனட்டைத் துடைத்தேன். மூன்று கீறல், என் நடுவிரல் நீளத்துக்கு.

பேஸ்மன்ட் வெளிச்சத்தில் அது ஃபரீனாவின் கண்ணில் பட்டிருக்காது. மாதக்கணக்கில் பட்டிருக்காது. நான் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டி, அவரைக் கூட்டிவந்து டோர்ச் அடித்துக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, “நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இரிக்காதே,” என்றார்.

“எனக்குத் தெரியுமே,” என்றேன்.

அன்றிலிருந்து நிலத்தில் விழுந்த துவாய் திரும்பக் காரைத் தொடுவதில்லை. விழுந்தால் அது சில்லுத் துவாய். ஃபரீனா அந்தக் கீறலைத் தேய்த்து எடுக்கவும் இல்லை, என்னை நிறுத்தவும் இல்லை. பிறகு அவர் குடியிருப்பு முகாமைக் குழுவின் செயலாளரும் ஆனார்.

கறுப்புக் கார் வந்த நாள்

தடைசெய்திருந்த வாகன இறக்குமதியை அரசாங்கம் திரும்பத் திறந்த பிறகு அந்தக் கட்டிடத்துக்கு வந்த முதல் புதுக் கார் சிவபாதம் ஐயாவுடையது. மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற எஞ்சினியர், குழுத் தலைவர். வருடக்கணக்காகப் புதுக் காரைக் காணாத கண்களுக்கு அது தேர் வந்த மாதிரித்தான் இருந்தது. கறுப்பு நிறம். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

கோயிலில் பூசை முடித்து மாலையோடு கொண்டுவந்தார். சில்லுக்கடியில் வைத்து நசித்த தேசிக்காய், கண்ணாடியில் சந்தனப்பொட்டு, பொனட்டின் நடுவில் மூன்று கோடாகத் திருநீறு. ஐயா பக்தியானவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலால் வந்து, போன வாரத் திருநீற்றை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்.

சனிக்கிழமையில் நான் அந்தக் காரைக் கழுவும்போது திருநீறு இருக்கும் நடுப்பகுதியைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் சுற்றிவரத்தான் கழுவினேன், துடைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இன்னொருவரின் காருக்காகப் போயிருந்தபோதுதான் அவர் எப்படி எடுக்கிறார் என்று கண்டேன். தோளில் கிடந்த சால்வையின் தலைப்பைச் சுருட்டினார். தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ந்து பொருக்காகிப் போன திருநீற்றை, சந்தனத்தோடு சேர்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். வெறும் பெயின்டில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று பாத்திரம் விளக்கிய எவருக்கும் தெரியும்.

“ஐயா, கொஞ்சம் தண்ணி விட்டிட்டு எடுத்தா நல்லம்,” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கழுத்தில் கிடந்த சிலுவையையும் பார்த்தார். “திருநீறு எடுக்க எனக்குப் பழக்க வேண்டாம்,” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சிலுவை போட்ட வேதக்காரி ஒருத்தி திருநீற்றைப் பற்றிக் கதைக்கப் போய் வம்பில் மாட்டக் கூடாது என்று பயந்தேன். இந்தக் கதையில் என் பிழை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த மௌனம்தான். நியாயத்துக்கு இதையும் சொல்கிறேன்: எங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள் மட்டும் என்ன, புதுக் காரைச் சுவாமியாரிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஆசீர்வாதத்தைத் துடைக்கலாமா என்று வெயிலிலேயே காய விடுவார்கள். நாலு மாதத்தில் பொனட் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

“வெயிலுக்கு எடுங்க”

திரும்ப அந்த வாசலுக்கு வருகிறேன்.

பண்டாரவிடம் ஐயாவுக்கு இன்டர்கொம் அடிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். ஐயா கீழே வரும்வரை நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அடித்தார்.

ஐயா இறங்கி வந்தார். பின்னால் அவருடைய மனைவி ராஜேஸ் அக்காவும் வந்தார். அதிகம் கதைக்காதவர். நான் வேலை செய்யும் நாட்களில் சில நேரம் மேலேயிருந்து எனக்குத் தேத்தண்ணி அனுப்புவார்.

“என்ன துணியால துடைச்சனீர்?” என்று ஐயா தொடங்கினார். “நேற்றுக் கலியாண வீட்டில காரை வெயிலுக்க விட்டனான். லண்டனால வந்த மருமகன் பார்த்திட்டுக் கேக்கிறான், மாமா, இதென்ன பொனட்டில வட்டம் வட்டமாக் கீறிக் கிடக்கு எண்டு. நாலு பேருக்கு முன்னால. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?”

“காரை இப்ப வெயிலுக்கு எடுங்க ஐயா. எனக்கும் பார்க்க வேணும்.”

தன் பக்கம்தான் நியாயம் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அதனால் மறுக்காமல் எடுத்தார். ஒழுங்கையில், நல்ல வெயிலில் கார் நின்றது. அவர் சொன்னது உண்மை. பொனட்டின் நடுவில் வட்டம் வட்டமாக மின்னியது. அப்படி ஒரு காரைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

“கூரையைப் பாருங்க,” என்றேன். “கதவைப் பாருங்க. டிக்கியைப் பாருங்க. எங்கயாவது ஒரு வட்டம் இரிக்கா?”

அவர் பார்த்தார். இல்லை.

“என்ட துவாய் இவ்வளவு இடத்திலயும் போகுது. போகாத ஒரே இடம் இந்த நடுப்பகுதி. நீங்கதான் தொட வேணாம் எண்டு சொன்னீங்க. கீறல் அங்க மட்டும்தான் இரிக்கு.”

பண்டார கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார். எதிர்வீட்டு மதிலுக்கு மேலாக ஒரு தலை தெரிந்தது. ஐயாவின் முகம் கறுத்தது.

“அப்ப திருநீறு காரைப் பழுதாக்கினது எண்டு சொல்லுறீரோ? வேதக்காரி வந்து எனக்குத் திருநீற்றைப் பற்றிச் சொல்லுறீரோ?”

அந்தச் சொல் எங்கள் தமிழில் சாதாரணச் சொல்தான். ஆனால் சொன்ன விதம் சுட்டது. சுட்டால் என்ன, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“திருநீறு ஒண்டும் செய்யல்ல ஐயா. உங்கட காய்ஞ்ச சால்வைதான் செய்தது.”

அவர் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு பேஸ்மன்டுக்குள் இறங்கிவிட்டார். காகிதம் கண்ணாடியிலேயே இருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பிளாஸ்டிக் கதிரைகள்

மறுநாள் ஞாயிறு. ஃபரீனா போன் எடுத்து, தான் கேட்டுக்கொண்டதால் குழு கூடுகிறது, என்னையும் வரச் சொல்கிறார்கள் என்றார். காலைப் பூசைக்குப் போய்விட்டு, அதே சேலையோடு போனேன். ஜசிந்தா வாசல்வரை வந்து, “வாயைக் காட்டாத. பணிஞ்சு போ,” என்று சொல்லி அனுப்பினாள்.

கீழ்மாடி மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். பன்னிரண்டு பேர் வரை இருந்தார்கள். எல்லோர் காரையும் எனக்குத் தெரியும், எந்தக் காரின் எந்தக் கதவில் எந்த நெளிவு என்று தெரியும். அன்று ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கதிரை போடவில்லை. நானே ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐயா பேசினார். நன்றாகப் பேசுவார். கட்டிடத்தின் ஒழுங்கு, வெளியாட்கள், பொறுப்பு. நான் சொன்னதை அவர் சொல்லும்போது அது ஏதோ சமயத்தை நிந்தித்த மாதிரி வந்தது. இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

என் முறை வந்தது. நிறையச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. எதிரில் ஐயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நெற்றியில் புதிதாகப் பூசிய திருநீறு.

“ஐயா, ஒரு கேள்வி மட்டும்,” என்றேன். “பூசும்போது உங்கட கண்ணாடியில திருநீறு கொட்டுப்பட்டா, அதை எப்பிடி எடுப்பீங்க? சால்வையால தேய்ப்பீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பக்கத்திலிருந்து ராஜேஸ் அக்காதான் சொன்னார், யாரோ உப்பு எங்கே என்று கேட்டதற்குச் சொல்வதுபோல:

“பைப்பில பிடிச்சுக் கழுவிப்போட்டுத்தான் துடைப்பார். நான் தேய்ச்சால் பேச்சு விழும். கண்ணாடி கீறுப்பட்டுப் போம் எண்டு.”

மண்டபத்தில் ஒருவர் இருமினார். இன்னொருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைத்தொலைபேசியைப் பார்த்தார். ஐயா மனைவியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கதிரைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்கள்.

கையெழுத்து

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஃபரீனா ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். முகத்தில் நிம்மதி.

“ஒரு கையெழுத்து மட்டும் அக்கா. ஃபைலை மூட. வார சனிக்கிழமையே வேலைக்கு வரலாம்.”

பதினாறு வருடம் உறுதி தட்டச்சு செய்தவளிடம் காகிதத்தை நீட்டி வாசிக்காமல் கையெழுத்து வாங்க முடியாது. வாசித்தேன். ‘நடந்த சம்பவத்தைக் குழு ஆராய்ந்து, திருமதி பிலோமினாவை மன்னித்து, மீண்டும் வேலை செய்ய அனுமதிக்கிறது. இனிமேல் கவனமாக இருப்பதாக அவர் உறுதியளிக்கிறார்.’

“மன்னிக்கிறதுக்கு நான் என்ன செய்தேன்?” என்று கேட்டேன்.

ஃபரீனா குரலைத் தாழ்த்தினார். “ஒண்டும் செய்யல்ல. எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு மரியாதைக்காக இப்பிடி எழுதினது. நானே எழுதினேன். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சம்மதிக்க வெச்சேன் தெரியுமா?”

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்யத்தான் பாடுபட்டார். பேனையைக் கையில் வைத்தும்விட்டார். ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், பேனை காகிதத்தைத் தொட்டது. பதினொரு கார். தங்கச்சியின் முன்னறை. ஐம்பதைத் தாண்டிய பிறகு இன்னொரு வேலைக்கு எங்கே போவது.

பிறகு புதுக்கடை ஞாபகம் வந்தது. செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை பேர் எங்கள் கந்தோர் வாங்கில் வந்து உட்கார்ந்து அழுதார்கள். “அந்த நேரம் அலுப்பில் போட்டேன், பிரச்சினை முடியட்டும் என்று போட்டேன், வாசிக்காமல் போட்டேன்” என்பார்கள். அவர்களுடைய மனுக்களை நான்தான் அடித்தேன். அந்தக் கையெழுத்தை அழிக்க ஒரு மனுவாலும் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

“சிவப்புக் காரில கீறினது நான். அதை நானே வந்து சொன்னேன். இதை நான் செய்யல்ல. செய்யாததுக்கு மன்னிப்பு எனக்கு வேணாம். ஃபரீனா, நீங்க குறை நினைக்காதீங்க.”

“சரியான பிடிவாதம்,” என்று யாரோ சொன்னார்கள்.

“ஓம்,” என்றேன்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை, கோபத்தில் அழுதேன். பக்கத்திலிருந்த சிங்களப் பெண் ஒரு டிஷ்யூ தந்தாள். வீட்டில் ஜசிந்தா, “ஒரு கையெழுத்துத்தானே,” என்று இரவுச் சாப்பாடு வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளும் களைத்துப்போய் எனக்கு ஒரு முட்டை பொரித்துத் தந்தாள்.

கேற்றுக்கு வெளியே

அடுத்த சனிக்கிழமை நான் வழமையான பஸ்ஸில் ஏறினேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். ஒழுங்கை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. கேற்றுக்கு எதிரே, மதில் நிழலில் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

பண்டார என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தோட்டத்துக் குழாயில் ஹோஸ் பைப்பை மாட்டி, கேற்றுக் கம்பிக்குள்ளால் வெளியே விட்டார். உன்னை உள்ளே விடக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது, பைப் வெளியே போகக் கூடாது என்று எழுதவில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தது சிவப்புக் கார். ஃபரீனா என் முன்னால் நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் தந்தார். பிறகு ஒரு வெள்ளைக் கார். பிறகு இரண்டு. ஒழுங்கையின் ஒரு பக்கம் நிரம்பத் தொடங்கியது.

வெளியே வேலை செய்வது பேஸ்மன்ட் மாதிரி இல்லை. வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து தண்ணீரை நிமிடத்தில் காய வைக்கும். முழுக் காரையும் நனைத்தால் தொலைந்தேன். ஒரு கதவைக் கழுவி, அதை ஒற்றித் துடைத்து, பிறகு அடுத்த கதவு என்று போனேன். முதுகு விண்விண் என்றது. ஆனாலும் எனக்குள் ஒரு உற்சாகம். வாயில் பாட்டுக்கூட வந்தது.

ஐந்தாவது காரின் கூரையில் துவாயைப் போட்டுக்கொண்டிருந்தபோது கேற்று திறக்கும் சத்தம் கேட்டது. கறுப்புக் கார் மெல்ல மெல்ல, நின்று நின்று ஏறி வந்தது. ஐயா அப்படி ஓட்டமாட்டார். குனிந்து பார்த்தேன். சீற்றை முன்னுக்கு இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ராஜேஸ் அக்கா இருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். அவர் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. அன்று ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

“பிலோமினா, நேற்றுப் பூசின திருநீறு கிடக்கு. கீறுப்படாமல் எப்பிடி எடுக்கிறதெண்டு எனக்குக் காட்டும். இனி நான்தான் எடுக்கப் போறன்.”

நான் மேலே பார்த்தேன். மூன்றாம் மாடி பல்கனியில் ஐயா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததைக் கண்டும் உள்ளே போகவில்லை.

ஹோஸ் பைப்பை எடுத்து ராஜேஸ் அக்காவின் கையில் கொடுத்தேன்.

“முதல்ல தண்ணி, அக்கா,” என்றேன், மூன்றாம் மாடிக்கும் கேட்கிற மாதிரி.